ஐந்து நாள் கேப்டன்

எங்கள் கிட்டரி துறைமுகத்தில் இரண்டு துடுப்பு வைத்திருப்பவன்கூட கேப்டன்தான். சிங்கிறால் பிடிக்கும் டோபி சீவர்டின் படகில் மரத்தைவிட ஓட்டை அதிகம், அவனும் கேப்டன். முப்பத்தெட்டு வருடம் போர்க்கப்பல்களில் உலகத்தைச் சுற்றிய எல்னேத்தன் ஃபெர்னால்ட் மட்டும் வெறும் லெஃப்டினன்ட்.

கடற்படையில் அப்போதெல்லாம் மேலே இருப்பவர் போய்ச் சேர்ந்தால்தான் கீழே இருப்பவர் ஏறலாம். எல்னேத்தன் யார் சாவையும் விரும்பியவரல்ல. ஆனால் தனக்கு மேலிருந்த நாற்பது பேரின் ஈரல் நிலவரம் அவருக்கு அத்துப்படி. அவர்களோ உப்பில் போட்ட மீன்போலக் கெடாமல் இருந்தார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. என்ன பதவியானாலும், ஒரு கப்பல் உங்கள் பொறுப்பில் இருக்கும்வரை அதில் நீங்கள் கேப்டன். அந்த ஒரு கப்பலுக்காக ஏங்கினார். உத்தரவு வரும் என்று ஒன்பது வருடமாகப் பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தார். மனைவி மெஹிடபெல் அதைச் சுற்றியே பெருக்கினாள்.

"வீட்டுக்குள்ளயாவது கேப்டன்னு கூப்பிடறேனே, மிஸ்டர் ஃபெர்னால்ட்."

"வேண்டாம் ஹிட்டி. கப்பல் இல்லாம அது பொய்."

"டோபிய கூப்பிடறேனே?"

"அவன்கிட்ட படகு இருக்கு. மிதக்குதாங்கறது வேற விஷயம்."

ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் வீங்கியது. வரும் குளிர்காலத்தில் கடலுக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவதாக மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த செப்டம்பரில் உத்தரவு வந்தது. 'கொரிந்தா' என்ற கிழட்டுப் போர்க்கப்பலை உடைப்பதற்கு விற்றாகிவிட்டது. பன்னிரண்டு மாலுமிகளோடு தெற்கே பாஸ்டனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் பயணம்.

திங்கட்கிழமை காலை அவர் ஏறியபோது ஊதல் ஊதி, "கேப்டன் வர்றார்" என்றார்கள். வடமேற்குக் காற்று, கேட்டு வாங்கினதுபோல. திங்கட்கிழமை எங்கள் ஊரில் துணி துவைக்காத வீடு கிடையாது. தெரு முழுக்கப் படுக்கை விரிப்புகள் கடல் பக்கமாகப் பறந்தன.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய கப்பல் வெள்ளிக்கிழமைதான் பாஸ்டனுக்குள் நுழைந்தது. 'விடாத எதிர்க்காற்று' என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்.

அடுத்த வாரமே அந்தத் தாமதத்தை விசாரிக்கக் கடற்படையின் இளம் அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்து மெஹிடபெல்லிடம் நின்றார். அவள் தேவாலய மூப்பரின் மகள். கோழி இட்ட முட்டையைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

"போன திங்கக்கிழமை காத்து எந்தப் பக்கம் அடிச்சுதும்மா?"

அவள் கொடிக்கயிற்றைப் பார்த்தாள். "என் துணி மேட்டுப் பக்கம்தான் பறந்துச்சு தம்பி. எதிர்க்காத்துதான்."

"வாரம் முழுக்கவா?"

"மத்த நாள்ல நான் துவைக்கறதில்ல."

வேலியோரம் நின்ற டோபி, "மேட்டுப் பக்கமா? எங்க வீட்டுப் பாவாடை ஒண்ணு கனடாவுக்கே போயிருச்சு சார்" என்றான். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பீன்ஸைப் பரிமாறியபடி மெஹிடபெல் கேட்டாள். "நாப்பது வருஷமா பொய் சொல்லாத வாய் இது. எங்க போனீங்க?"

"எங்கயும் இல்ல. கரை மறையற வரைக்கும் கிழக்கால போனேன். அங்கயே முன்னயும் பின்னயும் ஓட்டிட்டிருந்தேன். கிழவிதான், ஆனா சுக்கானைத் தொட்டா போதும், திரும்புவா. அவளை உடைக்கறதுக்குக் குடுக்க மனசு வரல, ஹிட்டி."

"கூட வந்தவனுங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சரி கேப்டன்னாங்க."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வரணும்னு தோணுச்சா?"

எல்னேத்தனுக்குப் பொய் வராது. அந்த ஒரே பொய்யையும் பதிவேட்டில் எழுதித் தீர்த்திருந்தார்.

"வியாழக்கிழமை தோணுச்சு," என்றார்.

மெஹிடபெல் இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்தாள். புதன்கிழமை வரை என்ன தோன்றியது என்று கேட்கவில்லை.