மிச்சத்தை அழித்த காலை

தொலைக்காட்சி நிலையத்தில் அவளை எல்லோரும் கத்திரி அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் கத்திரியைத் தொட்டுப் பல வருடங்களாகிவிட்டன. பெயர் மட்டும் போகவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது செய்திப் படங்கள் ஃபிலிமில் வந்தன. கழுவிக் காயவைத்த சுருளை வெளிச்ச மேசைமேல் ஓட்டிப் பார்த்து, வேண்டிய துண்டுகளை வெட்டி ஒட்டுவாள். வேண்டாதவை பக்கத்திலிருந்த, துணி விரித்த தொட்டியில் தொங்கும். தொட்டியைக் காலி செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். பிறகு டேப் வந்தது. அதில் நடுவே ஒரு காட்சியைச் செருக நினைத்தால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதனால் எல்லோரும் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். டேப்பும் போய்க் கணினி வந்தபோது அவள் மூன்றாம் முறையாகப் பாலபாடம் படித்தாள்.

படம் இப்போது தெளிவாக இருக்கிறது. ரசாயன நெடி இல்லை. இதை முன்னேற்றம் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் எதையும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனபிறகு, ‘போதும்’ என்று சொல்லும் பொறுப்பை யாரும் ஏற்பதில்லை. நகரத்தின் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிய நிகழ்ச்சியை எடுத்த இளம் தயாரிப்பாளர், வாரக்கணக்கில் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, அந்தத் தண்ணி லாரியை முன்னாடி போட்டுப் பாப்போமா?”

“முதல்ல முன்னாடிதான் இருந்தது. நீங்கதான் பின்னாடி தள்ளச் சொன்னீங்க.”

“அப்படியா? அன்னைக்கு வேற மனநிலையில இருந்திருப்பேன்.”

“உங்க மனசுக்கு ஒரு ரிமோட் இருந்தா என்கிட்ட குடுத்துடுங்க தம்பி. நானே மாத்திக்கிறேன்.”

அந்த நிகழ்ச்சியை முடிக்க வேண்டிய தேவை அவரைவிட அவளுக்குத்தான் அதிகம். பக்கவாதத்தில் அவள் கணவரின் வலதுபக்கம் விழுந்துவிட்டது. பகலில் நாத்தனார் பார்த்துக்கொண்டாள். தன் மகளின் பிரசவத்துக்காக நாத்தனார் மாதக் கடைசியில் கிளம்புகிறாள். எதிர்வீட்டுப் பெண்ணால் மதியம்வரை மட்டுமே இருக்க முடியும். ஆகவே அவளுக்குக் காலை ஷிப்ட் வேண்டும். காலையில் எடிட்டிங் அறையில் ஒரே ஆள், உதவிக்கு யாரும் கிடையாது. ஷிப்ட் போடும் மேலாளர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: “இந்த நிகழ்ச்சியை யார் துணையும் இல்லாம முடிச்சுக் காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்.”

ஒளிபரப்பு நாள் காலையில் நிகழ்ச்சி முடிந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுத்து அனுப்புவது மட்டும் பாக்கி. கணினி இடம் இல்லை என்றது. வீட்டிலிருந்த தயாரிப்பாளருக்குப் போன் செய்தாள்.

“வேண்டாததைத் தூக்கிப் போடுங்கக்கா. முடிஞ்சதுதானே?”

அவளுக்கும் முடிந்ததாகத்தான் தோன்றியது. கேமராவிலிருந்து வந்த படங்கள் இருந்த பகுதியை முழுவதுமாக அழித்தாள். தொட்டியைக் காலி செய்கிற அதே நிம்மதியோடு அழித்தாள். பிறகு நிகழ்ச்சியைத் திறந்தாள். தொடக்கம் முதல் கடைசிவரை சிவப்புத் திரை, குரல்கூட இல்லை.

கணினிக்குள் நிகழ்ச்சி என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. ‘இந்தப் படத்தை இங்கிருந்து இதுவரை காட்டு’ என்ற குறிப்புகள்தான் இருந்தன. ஃபிலிமில் எடுத்தது வேறு, எறிந்தது வேறு. இங்கே இரண்டும் ஒரே குவியல். இதை அவளுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொன்னது மூளைக்குப் போயிருக்கும். கை அதைக் கேட்டிருக்கவில்லை.

கேமராமேனை அழைத்தாள். நெட்டை என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும்.

“தண்ணி நிகழ்ச்சி எடுத்த கேமரா கார்டு இருக்கா நெட்டை?”

“காலைலயே துடைச்சாச்சே. அதுலதான் இப்ப அமைச்சரை எடுத்துக்கிட்டிருக்கேன்.”

“என்ன பேசுறார்?”

“தட்டுப்பாடே இல்லைங்கிறார்.”

தயாரிப்பாளர் ஓடி வந்தார். சிவப்புத் திரையைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

“நிலையத் தலைவருக்குக் காட்டறதுக்கு முதல்ல ஒண்ணு எடுத்துக் குடுத்தோமே,” என்றாள் அவள். “அது முழுக் கோப்பு. அவர் கம்ப்யூட்டர்ல இருக்கும்.”

“அது குப்பைக்கா. அதுல இருந்துதான் இவ்வளவு மாத்தினோம்.”

“குப்பையாவது இருக்கே.”

பிற்பகலில் அதுவே ஒளிபரப்பாயிற்று. இருவரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். பாதியில் தயாரிப்பாளர் மெதுவாகக் கேட்டார்: “இதுக்கும் நாம முடிச்சதுக்கும் என்னக்கா வித்தியாசம்?”

“லாரி முன்னாடி இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “மேலாளர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. தூக்கச் சொன்னது நான்தான்,” என்றார். அது இரக்கமா, தன் பெயரும் அடிபடுமே என்ற பயமா என்று அவள் ஆராயவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆனாலும் அவள் மேலாளர் அறைக்குப் போனாள். நேர்மை என்று அதற்குப் பெரிய பெயர் வைக்க வேண்டாம். ஒளித்துவைத்து, நாளை யாராவது கண்டுபிடிப்பார்களோ என்று காத்திருக்க அவளிடம் தெம்பு இல்லை.

“படத்தை எல்லாம் அழிச்சுட்டேன் சார். போனது பழைய பதிப்பு.”

“புகார் வந்துதா?”

“வரல.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காலை ஷிப்ட்ல, சர்வர்ல இருக்கிற பழைய படங்களை அழிச்சுச் சுத்தம் பண்ற வேலையும் உண்டு. போன மாசம் ஒருத்தன் தைரியமா பண்ணினான், பாதிச் செய்தியைக் காணோம். நீங்க இனிமே பயந்து பயந்துதான் பண்ணுவீங்க. ஒண்ணாந்தேதியிலேருந்து வாங்க.”

வீட்டில் நாத்தனார் கதவைத் திறந்தாள். “கிடைச்சுதா அண்ணி?”

“கிடைச்சுது.”

“அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் கணவர் விழித்திருந்தார். இடது கையால் விரிப்பைத் தட்டி, பக்கத்தில் உட்காரச் சொன்னார். நாக்கு குழற, நிதானமாகக் கேட்டார்: “சந்... சந்தோஷமா?”

“நாளைக்குச் சொல்றேன்,” என்று அவர் காலடியிலேயே சாய்ந்துகொண்டாள்.