பௌர்ணமியன்று தேர்வு வைக்கலாமா?

கல்லூரியில் பாடம் நடத்துவது சுலபம். மாணவர் பேரவைக்குப் பொறுப்பாசிரியராக இருந்து பார்த்தவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடலாம்.

ஒருமனதாக

திருவண்ணாமலையில் எங்கள் கல்லூரிக்குப் புது முதல்வர் வந்தார். இனிமேல் எல்லாவற்றையும் கலந்து பேசித்தான் முடிவெடுப்போம் என்று ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்தார். கைதட்டினோம். சத்தம் அடங்குவதற்குள் என்னைப் பேரவைப் பொறுப்பாசிரியர் ஆக்கிவிட்டார். எனக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி என்று எழுந்தேன்.

"உக்காருங்க சார். உங்களைத் தவிர எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, ஒருமனதான முடிவு!"

ஓட்டு

அதுவரை அதிக மதிப்பெண் எடுத்தவர்தான் பேரவைத் தலைவர். இந்த முறை தேர்தல். தினேஷ் என்ற மாணவன் வைஃபை, கேன்டீனில் பிரியாணி என்று அள்ளி விட்டான். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் செல்வி, இயற்பியல் இரண்டாம் ஆண்டு, ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பௌர்ணமி அன்னைக்கு டெஸ்ட் வைக்க விடமாட்டேன்."

கிரிவலக் கூட்டத்துக்காக அன்று பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். போன பௌர்ணமியில் பாதிப்பேர் தேர்வுக்கு வந்து சேரவே இல்லை. வராத எல்லாருக்கும் பூஜ்யம் போட்டிருந்தோம். அவள் இதைச் சொன்னதுமே விசில் பறந்தது. செல்வி அமோகமாக ஜெயித்தாள். தினேஷுக்கு ஆறுதல் சொல்லப் போனேன்.

"வுடுங்க சார், நானே அவளுக்குத்தான் போட்டேன்."

கருத்து

கல்விக் குழுக் கூட்டத்தில் முதன்முறையாக ஒரு மாணவி. "வேற யாருக்காவது கருத்து இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே முதல்வர் எழுந்தார். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

"இருக்கு சார்" என்றாள் செல்வி. பஸ் கதையையும் பூஜ்யக் கதையையும் ஒன்று விடாமல் சொல்லி, பௌர்ணமித் தேர்வே வேண்டாம் என்றாள். கணிதத் துறைத் தலைவி, "சீக்கிரம் கெளம்பி வரணும்மா" என்றார். "அடுத்த பௌர்ணமிக்கு எங்க பஸ்ல வந்து பாருங்க மேடம்" என்றாள் இவள். மேடம் வாய் திறப்பதற்குள் முதல்வர், "நான் வரேன்!" என்று குதூகலமாகக் கை தூக்கிவிட்டார். மேடம் என் காதருகே குனிந்தார்.

"இவரு கடைசியா எப்ப சார் பஸ் ஏறினாரு?"

முதல்வரின் பயணம்

அந்தப் பௌர்ணமியில் காலையிலேயே கூட்டம் நெரிந்தது. தேர்வு பாதி முடிந்தபோது செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், பிரின்சிபால் சாரைக் கூட்டத்துல உட்டுட்டேன்!" உடனே அவரைப் போனில் அழைத்தேன். எடுக்கவே இல்லை. மதியம் அவரே அழைத்தார். பின்னணியில் ஒரே அரோகரா.

"கிரிவலப் பாதையில பாதி தாண்டி அடி அண்ணாமலை வந்துட்டேன் சார். திரும்ப வுட மாட்றாங்க, முழுசா சுத்திட்டுத்தான் வருவேன்!"

தீர்மானம்

அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு. முதல்வர் இரண்டு கையையும் தூக்கினார். பௌர்ணமித் தேர்வு ரத்து. பூஜ்யம் வாங்கியவர்களுக்கு மறுதேர்வு. வெளியே செல்வியைத் தோழிகள் தூக்கிச் சுற்ற, அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். மேடமும் கை தூக்கியிருந்தார்.

"பாருங்க சார், அடுத்து அமாவாசையையும் கேப்பாங்க."

கலந்து பேசி முடிவெடுப்பதில் ஒரே ஒரு தொல்லைதான்: பேச விட்டால், அவர்கள் சொல்வது பல நேரம் சரியாக இருந்து தொலைக்கிறது.