தண்ணீர் குறைந்திருக்கிறதா?

என் அக்காவை எல்லோரும் ஜன்னலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஆபீஸில் அவளுக்கு முன்மேஜை, எனக்குப் பின்மேஜை. மலைக்கு அந்தப் பக்கம் போகும் விமானத்தில் எங்கே உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"போறப்போ இடது பக்கம், வர்றப்போ வலது பக்கம். றெக்கைக்கு முன்னாடி உக்காருங்க. பின்னாடின்னா இன்ஜின் சூட்டுல படம் கலங்கிடும். பதினோராவது வரிசை மட்டும் வேண்டாம். ஜன்னல் சீட்டுன்னு சொல்லிச் சுவரைத்தான் காட்டுவாங்க."

இத்தனையும் பேசுகிறவள் விமானத்தில் கால் வைத்ததே இல்லை. எல்லாம் போய் வந்தவர்களின் வாயைக் கிளறிச் சேர்த்தது. திரும்பி வருகிறவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: மலைக்கு நடுவே அந்த ஏரி, என்ன நிறம், என்ன அழகு! போனை மூக்குக்கு நேரே நீட்டிப் படம் காட்டுவார்கள். எனக்குப் பிடுங்கி எறியலாம் போலிருக்கும். அக்கா பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பாள்.

"தண்ணி குறைஞ்சிருக்கா?"

ஏதோ மழை நிலவரம் கேட்கிறாள் என்று நினைத்து அவர்களும் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த ஏரி முன்பு கிடையாது. அங்கே ஓர் ஆறு ஓடியது. கரையோரம் சாலை போடுகிறவர்களின் கொட்டகைகள் இருந்தன. அத்தான் அங்கே புல்டோசர் ஓட்டினார். ஒரு மழையில் மலை சரிந்து கொட்டகைகளை மூடியது, ஆற்றையும் அடைத்துவிட்டது. ஆறு தேங்கி ஏரியானது. தேடப் போனவர்கள், தண்ணீர் வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லித் திரும்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டாள். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, மலைக்கு அந்தப் பக்கம் குடிபோனாள். தண்ணீர் வடியவில்லை. அத்தானின் சட்டைகள் இன்னும் அலமாரியில் தொங்குகின்றன. மழைக்காலம் முடிந்ததும் எடுத்து வெயிலில் காட்டித் திரும்ப மாட்டிவைப்பாள். அந்த அறையில் தனியாகப் படுக்க எனக்குப் பயம்.

ஊரார் கண்ணை இரவல் வாங்கியே அவள் காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் மகளுக்குப் பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிட்டது என்று மாப்பிள்ளை போன் செய்தார். பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்தேவிடும். விமானம்தான் ஒரே வழி. எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட்டை அக்காவே போட்டாள். இடது பக்கம், பதினோராவது வரிசை.

"அது சுவரு சீட்டாச்சே, அக்கா!"

"அவர் பக்கமா உக்காரணும்டி. ஆனா பாக்கக் கூடாது."

அன்றைக்கென்று பார்த்து விமானத்தை வேறு ரகமாக மாற்றிவிட்டிருந்தார்கள். பதினோராவது வரிசையில் நல்ல அகலமான ஜன்னல்! அக்கா உட்கார்ந்த வேகத்தில் அதன் மறைப்பைக் கீழே இழுத்துவிட்டாள். வழி நெடுக என் கையைப் பிடித்த பிடி விடவில்லை. இறங்கத் தொடங்கியபோது பணிப்பெண் வந்தாள்.

"அம்மா, ஜன்னலைத் திறந்து வைக்கணும்."

"இருக்கட்டும்மா, வெயில் அடிக்குது."

"அதுதாம்மா சட்டம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணே கையை நீட்டி மேலே தள்ளினாள்.

ஜன்னல் முழுக்க ஏரி. அசைவே இல்லாத பச்சைத் தண்ணீர், அதன்மேல் எங்கள் விமானத்தின் சின்ன நிழல். அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"தண்ணி குறைஞ்சிருக்காக்கா?"

மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடியை அவள் முந்தானையால் துடைத்தாள்.

"அழகா இருக்குடி" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாக அழாதவள், அதற்குத்தான் அழுதாள்.

பேத்தியைக் குளிப்பாட்ட மகளுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். முதல் ஆளாகப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது.

"எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும்க்கா?"

"இடது பக்கம். நடுவுல ஒரு ஏரி வரும். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் இருக்காரு."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. வலது பக்கமே போதும் என்றாள். அக்கா இடது பக்கத்தையே போட்டு, டிக்கெட்டை அவள் கையில் வைத்தாள்.

"பயப்படாதம்மா. சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போ. அவருக்கும் ஆள் வேணும்ல."