இன்ஜினியர் மேடம் சுரண்டிய கூரை

எங்கள் முறுக்குக் கொட்டகைக்கு எதிரே ஊராட்சியின் பழைய கூடம் ஒன்று நிற்கிறது. கதவு எப்போதோ போய்விட்டது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், வெள்ளையடித்த உள்கூரையின் நடுவே ஒரு தோசை அகலத்துக்குச் சுரண்டிய இடம் இன்றும் தெரியும். அதற்குள் துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும். சுரண்டியவர் எங்கள் இன்ஜினியர் மேடம். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அவரை மனதுக்குள் திட்டினோம். எங்கள் குழுவின் தலைவி மட்டும் வாய்விட்டே திட்டினாள்.

கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மகளிர் குழுவாகச் சேர்ந்து, அவரவர் வீட்டு அடுப்பில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றுக்கொண்டிருந்தோம். நான் பிற்பாடு வந்து குடியேறிய காலனிக்காரி, ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். விண்ணப்பம் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியில் செயலாளர் ஆனேன். தலைவி ஊர்க்காரி, வாய் பெரிது, மனசும் பெரிது. அந்த வருஷம் மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றிலிருந்து தீபாவளி ஆர்டர் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரே இடத்தில், உரிமம் வாங்கிய சமையற்கூடத்தில் செய்ய வேண்டுமாம். ஊராட்சி இந்தக் கூடத்தைத் தரச் சம்மதித்தது. கட்டடம் உறுதியாக இருக்கிறதென்று ஓர் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால் போதும்.

எங்களைப் போன்ற குழுக்களுக்குக் கட்டட வேலையில் இலவசமாக உதவி செய்யும் சின்ன அமைப்பு ஒன்று அப்போது தாம்பரத்தில் இருந்தது. அங்கிருந்துதான் மேடம் ஸ்கூட்டியில் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

அவர் வருகிறார் என்றதும் நாங்கள் செய்த முதல் காரியம், பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டைச் சிங்காரிப்பது போல, கூடத்துக்கு வெள்ளையடித்தது. விரிசலும் கறையும் மறைய மறைய அடித்தோம். வாசலில் கோலம், நடுக்கூடத்தில் பொட்டு வைத்த புது அடுப்பு. மேடம் காபியைக் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"எப்போ வெள்ளையடிச்சீங்க?"

"நேத்துதான் மேடம், நீங்க வரீங்கன்னு," என்றாள் தலைவி பெருமையாக.

மேடம் சிரிக்கவில்லை. பெஞ்சைப் போட்டு ஏறி, பையிலிருந்த சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். ஓரங்களில் கல்லைத் தட்டும் சத்தம் வந்தது. நடுவில் காலிப் பானையைத் தட்டும் சத்தம். அங்கே சுரண்டினார். காரை பொலபொலவென்று புது அடுப்பின் மேல் கொட்டியது; உள்ளே கம்பி துருவேறிக் கிடந்தது.

"இதுக்குக் கீழ நீங்கல்லாம் உக்காந்து வேலை செய்ய நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

தலைவிக்கு வந்ததே கோபம். "இன்னா மேடம், நாங்க பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து நின்னுகினு கீது. தீபாவளி வரிக்கும் நிக்காதா?"

"நிக்கலாம் அக்கா. நிக்கும்னு என்னால எழுதித் தர முடியாது."

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. எனக்குப் பென்ஷன் வந்தது. மற்றவர்களுக்கு அந்த வருமானத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவே நடக்க வேண்டும். கோபப்பட்டதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

திட்டு வாங்கிப் போனவர் இனி எங்கே வரப்போகிறார் என்றிருந்தோம். மறு வாரமே வந்து நின்றார். எதிரே காலி மனையில், எங்களிடமே கோலப்பொடி வாங்கித் தரையில் கோடு போட்டார். இது அடுப்பு, இது மாவு பிசையும் இடம், இது பாத்திரம் கழுவுமிடம். வெறும் பாத்திரங்களை வைத்துக்கொண்டு எங்களை அதற்குள் நடமாடச் சொன்னார். சொப்பு விளையாட்டு போல இருந்தது, சிரித்துக்கொண்டே இடித்துக்கொண்டோம். இடித்துக்கொண்ட இடத்திலெல்லாம் கோட்டைக் காலால் அழித்துத் தள்ளிப் போட்டார். தலைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தூரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் யாரோ கோட்டின் மூலையில் ஒரு பூ வரைந்துவிட, அது கோணலாக இருக்கிறதென்று எழுந்து வந்து திருத்திவிட்டுப் போனாள்.

கடன் வாங்கி, இரும்புத் தூண் நட்டு, ஷீட் போட்டுக் கொட்டகை எழுந்தது. அதற்கு மேடம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த தீபாவளிக்கு ஆர்டரும் வந்தது. பிறகு அந்த அமைப்பு மூடப்பட்டு, மேடமும் வெளியூர் போய்விட்டார்.

கூடம் மட்டும் விழவேயில்லை. இடிப்பார்கள் என்கிறார்கள், இடித்தபாடில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தலைவி அதைக் காட்டி, "வுயுந்துச்சா பாத்தியாக்கா?" என்பாள். மேடம் சொன்னது சரிதான் என்று காட்ட என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. நடக்காமல் போன ஒன்றை யாரிடம் காட்டுவது?

போன ஐப்பசியில் ஒரு பகல். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வெளியே விளையாடிக்கொண்டிருந்த தலைவியின் பேத்தி, பக்கத்தில் இருந்த பழைய கூடத்துக்குள் ஓடி ஒதுங்கினாள். தலைவி முறுக்கு பிழியும் அச்சை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினாள். "நனஞ்சாலும் பரவால்ல, வெளிய வாடி. அதுக்குக் கீய நிக்காத." கையைப் பிடித்துக் குழந்தையை மழைக்குள் இழுத்தாள். இருவரும் சொட்டச் சொட்ட எங்கள் கொட்டகைக்குள் வந்தார்கள்.

எதிரே கூடம் எப்போதும் போல அசையாமல் நின்றது. சுரண்டிய இடம் மழை இருட்டில் தெரியவில்லை. தலைவி முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா பாக்கறே? மேடம் கையெயுத்து போடல இல்ல?"