காறை எலும்புக்குக் கீழே

தீமிதிக்காகக் காப்புக் கட்டியிருந்த என் தம்பிதான் என்னைக் கத்தியால் குத்தினான்.

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் எங்களுக்கு ஆட்டிறைச்சிக் கடை. தீபாவளி நெருங்கினால் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் வருஷா வருஷம் தீமிதியும் வரும். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் இவன் கறியைத் தொடமாட்டான். கல்லாவில் உட்கார்ந்துகொள்வான். நான் ஒருவனே வெட்டிச் சாக வேண்டும்.

அன்று காலை வரிசை படிக்கட்டுவரை நின்றது. “சாமியாரே, கொஞ்சம் கை குடுக்கக் கூடாதா?” என்று கிண்டலாகத்தான் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் சொட்டும் ஈரலை எடுத்து அந்தக் காப்பின் மேலேயே தேய்த்தேன்.

“இப்ப என்னடா பண்ணுவே?”

அவன் எலும்பு கழற்றும் மெல்லிய கத்தியைக் கட்டையிலிருந்து எடுத்து, என் வலது காறை எலும்புக்குக் கீழே இறக்கினான். யாரோ பலமாக இடித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த நொடி பதறிப்போய்க் கத்தியை உருவிவிட்டான், மடையன். ரத்தம் பீய்ச்சியடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஆட்டுத்தொடைகளை நனைத்தது. வரிசை அலறிச் சிதறியது.

தம்பி துண்டை எடுத்து என் கையை இறுக்கிக் கட்டினான். காயமோ கட்டுக்கு மேலே. கடைசியில் கட்டைவிரலைக் காயத்துக்குள்ளேயே விட்டு அழுத்தினான். ஆட்டின் முன்னங்காலை நெஞ்சிலிருந்து பிரிப்பவனுக்குப் பெரிய குழாய் எங்கே ஓடும் என்று தெரியும். ஆம்புலன்ஸில் வந்தவர் அவன் கையை விலக்கப் பார்த்தார், மறுபடி பீய்ச்சியது. “டோன்ட் மூவ்!” என்று கத்தினார். கறியைத் தொடாதவன் முழங்கைவரை என் ரத்தத்தோடு மருத்துவமனைவரை வந்தான். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

அங்கே ஒரு மருத்துவர் அம்மா தன் கையால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். போலீஸ் தம்பியைக் கூட்டிப்போனது.

“அண்ணே, கைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. நெஞ்சைத் திறந்தா ரொம்ப ரிஸ்க். தொடை வழியா வயர் விட்டு உள்ளேயே அடைக்கப் போறோம்.”

“கை?”

“ட்ரை பண்றோம்லா.”

என் வலது கை வெளுத்துக் குளிர்ந்து கிடந்தது. விரலை அசைக்கச் சொன்னார்கள், அசையவில்லை. கத்தி பிடிக்கும் கை. அது போனால் நான் எதற்கு என்று வாய்விட்டே கேட்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள், நினைவு இருந்தது. திரையில் என் ரத்தக்குழாய் கருப்பாக ஓடி, காறை எலும்பருகே குட்டையாகப் பரவியது. உள்ளே ஒரு பலூனை ஊதிக் கசிவை நிறுத்தினார்கள். ஆனால் தொடையிலிருந்து போன கம்பி கிழிசலைத் தாண்டவில்லை. முட்டியது, மடங்கியது, திரும்பியது. மருத்துவர் பல்லைக் கடித்துக்கொண்டு, செத்துக் கிடந்த என் கையின் முழங்கையிலும் துளை போட்டு இன்னொரு கம்பியை அனுப்பினார். உள்ளே ஒன்றை மற்றொன்று பிடிக்க வேண்டும். பலமுறை நழுவியது. பிடித்ததும் அறையில் யாரோ கைதட்டினார்கள். துணி போர்த்திய சின்ன வலைக்குழாயை அந்தக் கம்பியின் மேலேயே தள்ளிக் கிழிசலுக்குள் விரித்தார்கள்.

சற்று நேரத்தில் விரல்களில் நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. நான் அலறினேன். மருத்துவர் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கத்துங்க, நல்லாக் கத்துங்க. ரத்தம் வந்துடுச்சு!”

மறுநாள் வார்டுக்கு வாக்குமூலம் வாங்க ஒரு தமிழ் போலீஸ்காரர் வந்தார். யார் குத்தியது என்று கேட்டார், சொன்னேன். எழுதி முடித்துவிட்டுத் தயங்கினார்.

“அண்ணே, உங்க தம்பி எதுவும் சாப்பிடலை. கை இருக்கா, கை இருக்கான்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு.”

“வெட்டி எடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க.”

“அப்படில்லாம் சொல்ல முடியாதுலா, அண்ணே.”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் எழுந்து கதவுவரை போனது கேட்டது.

“சார்,” என்று கூப்பிட்டேன். “இருக்குன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.”