இரண்டாவது இடத்தில் நின்றவர்

தாம்பரம் ஸ்டேஷன் முன்பதிவு வரிசையில் தினமும் இரண்டாவதாக நின்ற அந்தப் பெரியவரை நான் புரோக்கர் என்றே முடிவு கட்டியிருந்தேன். நெற்றியில் பளிச்சென்று நாமம், மஞ்சளித்துப்போன சட்டை, கக்கத்தில் குடை. கவுன்ட்டர் திறந்ததும் தன் இடத்தை யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார். சும்மா யார் அப்படிச் செய்வார்கள்?

எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் ஒரிசாவுக்கு ஊழியத்துக்குப் போக வேண்டும். டிக்கெட்டுக்காக சபையே உபவாசம் இருந்தது. இரண்டு நாளும் என் முறை வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டார். "எங்க சார் போறீங்க?"

"ஒரிசாவுக்கு. சொந்தக்காரங்க கல்யாணம்." நாமம் போட்டவரிடம் உண்மையை எதற்குச் சொல்ல வேண்டும்?

அவர் என் தோள்பையை எட்டிப் பார்த்தார். "கல்யாணத்துக்கா இத்தனை பைபிள்?" என்று சிரித்தபடியே என்னைத் தன் இடத்தில் நிறுத்தினார்.

"உங்களுக்கு நான் என்ன தரணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். காலைல பெருமாளை சேவிச்சிட்டு நேரா இங்க வந்து நிப்பேன். அவசரமா போறவங்க யாராவது வருவாங்க. இன்னிக்கு நீங்க."

ஆறு டிக்கெட்டும் கிடைத்தன. யாராவது கமிஷன் கேட்டுப் பின்னால் வருவார்கள் என்று வீடுவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொன்னேன். கர்த்தர் ஒருவரை அனுப்பினார் என்றேன். குடையைச் சொன்னேன், சட்டையைச் சொன்னேன், நெற்றியைச் சொல்லவில்லை. சபை "ஸ்தோத்திரம்" என்று முழங்கியது.

வாசலில் பாஸ்டர் கேட்டார். "அந்தப் பிரதர் எந்த சபை?"

"கேக்க மறந்துட்டேன் பாஸ்டர்" என்றேன்.