விரிசல் விட்ட உருண்டை

மூணாறில் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் தோற்றுத் திரும்பினோம். பேருந்து மறையூரை நெருங்கும்போது ஜன்னல் வழியே வெல்லப்பாகு காய்ச்சும் வாசம் வந்தது. முன் இருக்கையில் அனிதா அழுது ஓய்ந்திருந்தாள். கடைசி நிமிடத்தில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டவள். நான் அவளுடைய பயிற்சியாளர். அந்த இரண்டையும் படம்பிடித்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கிருந்து திட்டத் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கரும்பாலையும் இங்கேதான் இருந்தது. அப்பா தொட்டியில் பாகை ஊற்றியதும் அம்மாவும் நானும் சூட்டோடு வெல்ல உருண்டை பிடிப்போம். உள்ளங்கை சிவந்து எரியும். பத்து வயதில் ஒருநாள் என் உருண்டை விரிசல் விட்டது. அமுக்கினேன். மறுபடி வெடித்தது. எனக்கு வீம்பு.

"அத விடு தாயி, தொட்டியில இருக்குறது இறுகுது பாரு," என்றாள் அம்மா.

நான் விடவில்லை. என் பக்கத்துப் பாகு முழுக்கப் பாறையானது. அப்பா அதைக் கடப்பாரையால் பெயர்த்தார்.

பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்குப் பந்தாடியவள் நான். ஆனாலும் என் முதல் இறுதி ஆட்டத்தில் தவறவிட்ட ஒரு பந்தை இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அனிதாவுக்காகச் சேர்த்து வைத்திருந்த திட்டில் பாதி எனக்கானது.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"முதல் பந்து தவறிப் போச்சு டீச்சர். ரெண்டாவது போடறப்பவும் அதேதான் மனசுல."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கோர்ட்டுக்கு வந்துரு."

"இன்னைக்கு விட்டதப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"அது இறுகிருச்சு தாயி," என்றேன்.